எல்லாம் பித்தம்தான்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ரெட் ஆக்சைடு தரை. மாமனார் வீடு கட்டியபோது போட்டது. ஊஞ்சலுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் ஆள் புழங்கிப் புழங்கி அது கறுஞ்சிவப்பாகி, குனிந்தால் முகம் தெரியும் அளவுக்கு வழுவழுத்துக் கிடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இடம் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளங்காலை அங்கே வைத்தால் முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். அதற்குள் காலின் சூடு தரையில் இறங்கிவிடும். ஒரு முழம் தள்ளி உட்கார வேண்டும். இப்படி நகர்ந்து நகர்ந்து, விடிவதற்குள் கூடத்தை ஒரு சுற்று வந்துவிடுவேன்.

பகலிலும் அரிக்கும். ஆனால் பகலில் கைக்கு வேலை இருக்கிறது. தபால் ஆபீஸ் கவுன்ட்டருக்கு வெளியே பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு ஆள் நிற்பார். மனசு வேறு பக்கம் போகும். விளக்கை அணைத்துப் படுத்த கால் மணி நேரத்தில் முதலில் உள்ளங்கை, பிறகு உள்ளங்கால், பிறகு முழங்கைக்கு மேலே, கடைசியில் முதுகில் கை எட்டாத அந்த ஓர் இடம். கொசு கடித்த அரிப்பு சொறிந்தால் அடங்கும். இது நாலு விரற்கடை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். செருப்பைப் போட்டுக்கொண்டே காலைச் சொறிகிற மாதிரி இருக்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். விசிறிக் காம்பு, ஆபீஸ் இரும்பு ஸ்கேல், தேங்காய் நார் எல்லாம் பார்த்தாயிற்று. கைக்குப் பேன் சீப்புக்கு ஈடு இல்லை. காலுக்கு வாசலில் கிடக்கும் நார் மிதியடி. ஒருநாள் விடிகாலை நாலரைக்குப் பால்காரர் வந்தபோது நான் நிலைப்படியில் நின்று மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "எங்கம்மா, ஊருக்கா?" என்றார். "இப்பத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அரிப்பு என்ற சொல்லே தமிழில் மரியாதையான சொல் இல்லை. சொன்னால் கேட்பவர் ஓரடி பின்வாங்குவார், இல்லை உதட்டோரம் சிரிப்பார். ஆகையால் நமைச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். அது ஏதோ குழந்தைக்கு வந்த வேர்க்குரு போல லேசாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வைத்தியம் நடந்திருக்கும் என்று இப்போதும் தோன்றும்.

ஆரம்பித்தது 2016 மகாமகத்தின்போது. பிப்ரவரி 22 தீர்த்தவாரிக்கு எங்கள் வீட்டில் பதினேழு பேர் தங்கியிருந்தோம். சமையற்கட்டில் இட்லிப் பானை இறங்கவே இல்லை. கூட்டமெல்லாம் வடிந்த பிறகு எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. பணம் வரும் என்றார்கள். கால் அரித்ததும் குளத்துத் தண்ணீர் என்றார்கள். அதே தண்ணீரில் முங்கிய பதினாறு பேருக்கு வராதது எனக்கு மட்டும் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் மட்டும், "உங்களுக்குப் பாவம் கொஞ்சம் ஜாஸ்தி போல மன்னி" என்றாள். விளையாட்டுக்குத்தான்.

பிறகு பதினெட்டு மாதம். முதல் டாக்டர் சிரங்கு என்றார். வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை லோஷன் பூசிக்கொண்டு படுக்க வேண்டும், துணிமணி முழுக்க வெந்நீரில் ஊற வேண்டும். "எழுபத்தாறு வயசில எனக்குச் சொறி மருந்தா?" என்று அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இரண்டாமவர் வறண்ட சருமம் என்று களிம்பு எழுதினார். மூன்றாமவர் என் வயதைக் கேட்டார். நாற்பத்தேழு என்றதும், மாதவிடாய் நிற்கும் நேரம், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். அலர்ஜி மாத்திரை தூங்க வைத்தது, தூக்கத்திலேயே சொறிந்துகொண்டேன். கத்திரிக்காயை நிறுத்தினேன், வேர்க்கடலையை நிறுத்தினேன், சோப்பை மாற்றினேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோலைப் பார்க்கிறவர் தோலில் இருப்பதைத்தான் பார்ப்பார். என் தோலில் நான் கீறிய கோடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் எனக்கே, இது நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. காலையில் போர்வையில் இருக்கும் ரத்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு. சின்ன வயதில் முடி வெளுத்தால் பித்த நரை. தலை சுற்றினால் பித்த மயக்கம். வாய் கசந்தாலும் காலையில் குமட்டினாலும் பித்தம்தான். இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குடி என்பார்கள். புத்தி தடுமாறினால் பித்து, காதல் தலைக்கேறினாலும் பித்து. என் அம்மா எதற்கெடுத்தாலும் முதலில் பித்தத்தைத்தான் பிடிப்பாள். எல்லாவற்றுக்கும் பித்தத்தைக் கூண்டில் ஏற்றுகிற ஊரில், பித்தமே குற்றவாளியாக நின்ற ஒரு கேஸில், ஒன்றரை வருஷம் யார் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. அம்மா வாயிலும்தான்.

2017 ஆகஸ்டில் காய்ச்சலுக்காகத் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயது டாக்டர். என் கண் இமையில், மூக்கோரமாக, துவரம்பருப்பு அளவில் இரண்டு மஞ்சள் திட்டுகள் இருந்தன. "கொழுப்பு பார்க்கணும்மா" என்றார். "எனக்குக் கொழுப்புன்னு எங்க அத்தை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க டாக்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதியவர், கூடவே கல்லீரலுக்கும் சேர்த்து எழுதினார். மறுநாள் தாள் வந்தது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் 486. அந்த லேப் கணக்குப்படி 120-ஐத் தாண்டக் கூடாது. பிலிருபின் 0.9தான், காமாலையில் ஏறுவது அது. அது ஏறாததால்தான் என் கண் வெள்ளையாகவே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அரிக்குதா?"

நான் அவரிடம் காய்ச்சலைத் தவிர எதுவும் சொல்லியிருக்கவில்லை. பதினெட்டு மாதமாக நான்தான் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அதைக் கேட்ட முதல் ஆள் அவர். அழுதிருப்பேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கண் வறண்டு போவதும் இதே வியாதியோடு சேர்ந்து வருவது என்று பிறகு தெரிந்தது.

தஞ்சாவூரில் ஒரு குடல், ஈரல் டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேனில் பெரிய பித்தக் குழாயில் அடைப்பு இல்லை, கல்லும் இல்லை. ஏ.எம்.ஏ. என்றொரு ரத்தப் பரிசோதனை. இந்த வியாதிக்காரர்கள் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் அது பாசிட்டிவாக இருக்குமாம். எனக்கும் இருந்தது. ஊசி போட்டு ஈரலில் துண்டு எடுக்கத் தேவையில்லை, இந்த இரண்டு தாளே போதும் என்றார். பெயர் பிரைமரி பிலியரி கொலான்ஜைட்டிஸ். சுருக்கமாகப் பி.பி.சி.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "பி.பி.சியா?" என்றாள். அப்பா இருந்தவரை ராத்திரியானால் சிற்றலையில் தமிழோசையைப் பிடிக்க ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். அந்த வருஷம்தான் அந்த ஒலிபரப்பு நின்றுபோயிருந்தது. "அங்க மூடிட்டு உனக்குள்ள வந்து ஆரம்பிச்சுட்டானா லண்டன்காரன்?" என்றாள். நான் வெகுநேரம் சிரித்தேன். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள் என்று தம்பி பிற்பாடு சொன்னான்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை, நான் டெல்டாக்காரி. ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றால் வடிகால் வழியாக அது ஆற்றுக்குப் போயாக வேண்டும். ஆறு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் வயலோரத்துச் சின்ன வடிகால்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துகொண்டே வந்தால்? தண்ணீர் வயலிலேயே நிற்கும், வேர் அழுகும். ஈரலில் ஊறும் பித்தநீரை வடிக்கிற, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்களை என் உடம்பின் காவல்படையே எதிரி என்று நினைத்துத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. பத்து நோயாளியில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள், அதிலும் நடுவயதுப் பெண்கள். ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

இந்த வியாதியை லண்டனில் அடிசன், கல் என்ற இரண்டு டாக்டர்கள் 1851-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர்தான் கோளாறு. 1950-லிருந்து இதைப் பிரைமரி பிலியரி சிரோசிஸ் என்றே அழைத்து வந்தார்கள். இப்போது சீக்கிரமே கண்டுபிடித்து மருந்து கொடுத்துவிடுவதால் நிறையப் பேருக்கு ஈரல் சுருங்கும் கட்டமே வருவதில்லை. தவிர, சிரோசிஸ் என்றால் எந்த ஊரிலும் குடிகாரர் என்றுதான் அர்த்தம். நோயாளிகளே முறையிட்டு, 2015-ல் பெயரை மாற்றினார்கள். ஆனால் என் பழைய ஃபைலில் ஏதோ ஒரு தாளில் சிரோசிஸ் என்றே அச்சாகியிருந்தது. பார்மசி படிக்கும் உறவுக்காரப் பையன் ஒரு கல்யாண வீட்டில் அதைப் படித்துவிட்டான். பந்தியில் உட்காருவதற்குள் செய்தி பரவிவிட்டது. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு பெரியம்மா என் காதோரம் குனிந்து, "அவருக்குத்தானே பழக்கம் இருக்கும்? உனக்கு எப்படி?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வெற்றிலைகூடப் போடாதவர். பக்கத்து இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

மருந்து அர்சோடியாக்சிகோலிக் அமிலம். உடம்பு எடைக்குக் கணக்கு: கிலோவுக்கு 13-லிருந்து 15 மில்லிகிராம். நான் அப்போது 62 கிலோ, ஆகவே நாளைக்கு 900. முந்நூறு மில்லிகிராமில் மூன்று மாத்திரை, ஆயுசு முழுக்க. அர்சஸ் என்றால் லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் முதலில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். கரடிப் பித்தத்தைச் சீன வைத்தியத்தில் வெகுகாலமாகவே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தொழிற்சாலையில், பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து எடுக்கும் அமிலத்தை மாற்றிச் செய்கிறார்கள். முட்டைகூடச் சேர்க்காத வீடு எங்களுடையது. அத்தையிடம் மறைக்க மனம் வரவில்லை. "கரடியா மாடா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றார். மாடு என்றேன். கொஞ்ச நேரம் ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். "மருந்துக்குத் தோஷமில்லை. சாமி உள்ளுக்குப் போகாம, சமையற்கட்டிலேயே வச்சுச் சாப்பிடு" என்றார். இன்றும் டப்பா அங்கேதான் இருக்கிறது, பெருங்காயத்துக்குப் பக்கத்தில்.

ஒரு வருஷத்தில் 486 என்பது 190 ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அரிப்பு அப்படியே இருந்தது. அந்த மாத்திரை ஈரலைக் காப்பாற்றும், அரிப்பை ஒன்றும் செய்யாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. அடுத்துக் கொலஸ்டிரமின் என்ற பொடி வந்தது. ராத்திரி முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் காலைச் சாப்பாட்டோடு இறங்குமாம். அதைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதற்காக, காலைச் சாப்பாட்டை ஒட்டி இதைக் குடிக்க வேண்டும். கரடி மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி. தண்ணீரில் கலக்கினால் காவிரி மணலைக் கரைத்துக் குடிப்பது போலிருக்கும். மோரில் கலக்கி மோரையே வெறுத்தேன். நன்னாரி சர்பத்தில் ஒருவாறு இறங்கியது. அரிப்பு கால்வாசி குறைந்தது. மலச்சிக்கல் முக்கால்வாசி ஏறியது.

கடைசியில் பிடி கொடுத்தது ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். ஏன் இதற்குக் கேட்கிறது என்பதைவிட, நான்காம் நாள் ராத்திரி கேட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். படுத்தேன், கண் விழித்தேன், ஜன்னலில் வெளிச்சம். இரண்டு மணி என்று ஒரு நேரம் வந்து போனதே தெரியவில்லை. சிறுநீர் செம்பருத்திச் சாறு மாதிரி போனது. முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, சில்லறையை என் கையில் தராமல் மேஜையில் வைத்தார். காசநோய்க்கு மருந்து வாங்குகிறவர்களின் விவரத்தை மருந்துக்கடைகளும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை, தோளில் பையும் கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுமாக ஒரு பெண் எங்கள் வாசலில் நின்றார். "சளி கொடுக்கணும் மேடம்." எனக்குக் காசநோய் இல்லை, அரிப்பு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்று இதமாகச் சொன்னார். ஃபைலைக் கொண்டுவந்து காட்டி, காபி கொடுத்து, அரை மணி நேரம் விளக்கினேன். கிளம்பும்போது, "எங்க பெரியம்மாவுக்கும் ராத்திரியில கால் அரிக்குதும்பாங்க. இந்த டெஸ்ட் பேரை எழுதித் தர்றீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அசதியைப் பற்றிச் சொல்லத்தான் கஷ்டம். தூங்கினால் போகிறது களைப்பு. இது நான் எழுந்ததும் கூடவே எழுந்து உட்காருவது. தலை பின்ன இரண்டு கையையும் தூக்கினால் பாதிப் பின்னலில் கை தானாக இறங்கிவிடும். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒருநாள் பார்லருக்குப் போய் முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கோயில் வாசல் கடையிலிருந்து ஒரு கிளிப் வாங்கி வந்து, எதுவும் பேசாமல் என் தலையில் குத்திவிட்டார்.

ஆபீஸில் மாதம் பதினைந்தாம் தேதி நெருங்கினால் ஆர்.டி. ஏஜெண்டுகள் வரிசை கட்டுவார்கள். கட்டுக் கட்டாகப் பாஸ்புக். முன்பெல்லாம் நான் முத்திரை குத்துகிற சத்தம் போஸ்ட் மாஸ்டர் அறைவரை கேட்கும். இப்போது மத்தியானம் இரண்டரைக்கு மேல் அந்த முத்திரைக் கட்டை அம்மிக்குழவி போலக் கனக்கும். "எனக்கும்தான் மேடம் அசதியா இருக்கு" என்பார் பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர். பொய்யில்லை, அவருக்கும் இருக்கும். அவருடையது ஞாயிற்றுக்கிழமையோடு தீரும். என்னுடையது பழைய ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி: இவ்வளவுதான் அளப்பார்கள், அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். ஞாயிறு தலைக்குக் குளித்தால் அன்று சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு. சமைத்தால் தலைக்குக் குளியல் இல்லை. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் அசதிக்கும் சம்பந்தமே இல்லையாம்; தாளில் எண் இறங்கினாலும் இது இறங்காது. "இதுக்கு மருந்து என்ன டாக்டர்?" என்றதற்கு, "இல்லைம்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் மரியாதை கூடியது. கையை விரித்து உண்மையைச் சொல்லும் டாக்டரைவிட, டானிக் எழுதிக் கொடுக்கும் டாக்டர்தான் நம்மை அதிகம் தனியாக விடுகிறார்.

வறட்சியை எப்போது உணர்ந்தேன் என்று துல்லியமாகச் சொல்வேன். வெளியூரில் இருக்கும் பையனுக்கு ஒரு கவர் ஒட்ட வேண்டியிருந்தது. பழக்கத்தில் நாக்கால் தடவி மூடினேன், ஒட்டவில்லை. மறுபடி தடவினேன். நாக்கில் ஈரமே இல்லை. ஆயிரக்கணக்கில் தபால்தலையும் கவரும் ஒட்டிய நாக்கு. இப்போது மேஜையில் ஈரப் பஞ்சு டப்பா, டிபன் பையில் கண் சொட்டு மருந்து. பொரி, முறுக்கு எல்லாம் தண்ணீர் டம்ளரோடுதான்.

கீழாநெல்லி வராமல் இருக்குமா? என் மச்சினர் வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி, வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். "சென்னையில ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க அண்ணி." பண்ணியிருக்கிறார்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்தது. 1988-ல் லான்செட் இதழில் வந்தது. ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி கிருமி தங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அதே பலன் வரவில்லை. என்னுடையது கிருமியே இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. காலைப் பனியில் வயலில் குனிந்து பிடுங்கிக்கொண்டு வந்தவரிடம் என்னத்தைச் சொல்வது. அவர் போன பிறகு அதைக் கொல்லையில் நட்டுவிட்டேன். நன்றாகப் பரவியிருக்கிறது.

இப்போது ஐம்பத்தாறு வயது. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனில் ஏழு சொச்சம். எலும்புக்கு ஒரு மாத்திரை சேர்ந்திருக்கிறது. அரிப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி வெக்கையில் மாதத்துக்கு நாலைந்து ராத்திரி பழைய உறவைப் புதுப்பித்துக்கொள்ள வரும்.

பையனுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூடம் முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்து வந்துவிட்டான். பெட்டி பெட்டியாகத் திண்ணையில் அடுக்கியிருக்கிறது. ஊஞ்சலுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் மட்டும் பழைய தரையை விட்டுவிடச் சொன்னேன். "நல்லாவே இருக்காதும்மா, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்" என்றான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஊஞ்சலில் இருந்த அத்தை, "அவ கேட்ட இடத்தை விட்டுடுடா" என்றார்.

மேஸ்திரி டேப்பை இழுத்துத் தரையில் பிடித்தார். "இந்த மாதிரித் தரை போட இப்ப ஆளே இல்லைங்க. நாலுக்கு மூணு விட்டாப் போதுமாம்மா?"

"நகர்ந்து நகர்ந்து உட்காரணும் மேஸ்திரி" என்றேன். "எட்டடி விடுங்க."